எல்லை கடந்த கவிழ்சுடர்

பருவம் தவறாது மழை பெய்க. தண்ணாறு தன் கரைக்குள் அடங்கி ஓடுக. அறம் கேட்டு வந்தவர் எவரும் வாயிலில் காத்து நில்லாதிருக்க.

தண்ணாற்று நாடு முழுதும் ஒரு குடைக்கீழ் ஆளும் கோ நெடுந்தேவர் திருவாய் மொழிந்தருள, அவர் அருகிருந்து திருமந்திர ஓலை எழுதும் பொறையன் கண்டன் எழுதிய ஓலை. பனிச்சரிவுப் பாசறையில் வடவெல்லை காத்து நிற்கும் படைத்தலைவர், மும்முறை பகை வென்ற மழவன் பெருஞ்சாத்தனார் காண்க. உமக்கும், உம்முடன் குளிரில் நிற்கும் வீரர்க்கும், அவர்தம் குதிரைகளுக்கும் நலம் உண்டாகுக. எல்லைக்கு அப்பால் முகில்வரை நாட்டுக்கும், அதன் அரசி மலையமாதேவியார்க்கும் நலம் உண்டாகுக என்றும் எழுதப் பணித்தார் மன்னர். பகைவர் நாட்டுக்கு வாழ்த்து எதற்கு என்று உம் புருவம் உயரும். விடை இவ்வோலைக்குள் இருக்கிறது. கடைசி ஏட்டை முதலில் புரட்டிப் பார்க்கும் வழக்கம் உமக்கு உண்டென்பதை மன்னர் அறிவார். இம்முறை அவ்வாறு செய்ய வேண்டாம் என்று அவரே சொல்லச் சொன்னார்.

போர் முரசறைய ஆணை வேண்டி நீர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. ஓராண்டாகப் பனியில் காத்திருக்கும் உம் பொறுமையையும் மன்னர் அறிவார். ஆயினும் உம் வாளை உறையிலேயே இருக்கவிட்டு, நீர் அனுப்பிய வழக்கு இங்கு என்னவாயிற்று என்பதை முதலிற் கேட்பீராக.

நம் பாட்டனார் காலத்துப் பெரும்போருக்குப் பின், இரு நாட்டாரும் எல்லைக்குக் கல் நடவில்லை. கல்லைப் பெயர்த்து நடலாம் என்று அஞ்சினர். ஆற்றை எல்லையாக்கவும் இல்லை. ஆறு தடம் மாறும். மனிதர் பலர் பிறந்து மடிந்த பின்னும் இருந்த இடத்திலேயே உயிரோடிருக்கும் ஒரு கிழங்கைத் தேர்ந்து, பனிச்சரிவின் குறுக்கே நிரையாக நட்டனர். குளிர்காலத்தில் மற்றெல்லாம் ஒடுங்கிக் கிடக்கையில் இலைவிட்டுப் பூக்கும் செடி அது. இதழ்கள் பின்னோக்கி வளைந்து, தீச்சுடரைக் கவிழ்த்துப் பிடித்தாற்போல் தோன்றுவதால் நாம் அதைக் கவிழ்சுடர் என்கிறோம். மேலைக்கடல் வணிகர் சிக்ளமென் என்பர். கவிழ்சுடர் பூக்கும் இடம்வரை முகில்வரை நாடு, பூவாத இடம் தொட்டுத் தண்ணாற்று நாடு என்று அன்று உடன்படிக்கை ஆயிற்று.

சென்ற குளிரில் அந்தப் பூ, நிரைக்கு வெகு கீழே, நம் ஆயர் ஆடு மேய்க்கும் புற்பரப்பில் பூத்து நிற்கக் கண்டீர். முகில்வரையார் களவாகச் செடி நட்டு நம் மண்ணைக் கவர்கின்றனர் என்று துணிந்தீர். எல்லைச் செடிகளைப் பேணும் முகில்வரை நாட்டுக் குன்றி என்பவளை, கையில் மண்ணோடு பிடித்து, கீழே பூத்த செடிகள் சிலவற்றையும் வேரோடு பெயர்த்துச் சான்றாக அனுப்பினீர். நீர் செய்தது உம் கடமை. அதில் மன்னர்க்குக் குறை ஏதும் இல்லை.

வழக்கு அறங்கூறவையத்து முதல்வர் கீரங்கொற்றனாரிடம் சென்றது. அவருடைய ஒரே மகன் இளங்கொற்றன் உம் படையில் இருந்ததும், அதே சரிவில் நடந்த கைகலப்பில் வீழ்ந்ததும் நீர் அறிந்தவை. உடலைச் சுமந்து வந்தவரே நீர்தாம். வழக்கை வேறொருவரிடம் தரலாமா என்று மன்னர் தனித்து வினவினார். கொற்றனார், “வேறொருவர் கேட்டால், மகனை இழந்தவன் அஞ்சி ஒதுங்கினான் என்பார்கள், அரசே. நானே கேட்கிறேன்” என்றார்.

உயிருள்ள சான்றைத் தீர்ப்பு வரை உயிரோடு காப்பது நம் நாட்டு முறை. ஒரு பசுவுக்கு இருவர் உரிமை கொண்டாடினால், வழக்கு முடியும்வரை அறங்கூறவையமே அதற்குப் புல்லிடும். அதுபோல இச்செடிகளும் காக்கப்பட வேண்டும். சான்று முழுதும் அழிந்தால் வழக்கும் அழியும், பிடிபட்டவள் விடுதலை பெறுவாள். அரண்மனைத் தோட்டத்தார் இதைக் கேட்டதும் ஆளுக்கொரு நோய் சொல்லி விலகிக்கொண்டனர். செடி பட்டுப்போனால் பழி தம் தலையில் விழுமே என்ற அச்சம் அவர்களுக்கு. எனவே, வாழ்நாளில் ஒரு துளசிக்கும் நீர் வார்த்தறியாத கொற்றனார், தாமே தொட்டிகளில் மண் நிரப்பினார். தண்ணாற்றங்கரை மண்டபத்தின் வடக்குச் சாளரத்தருகே, வெயில் படாது வெளிச்சம் மட்டும் வரும் இடத்தில் அவற்றை வைத்தார். இடம் நன்றாகவே வாய்த்தது. பேணியதுதான் பிழையாயிற்று. கிழங்கை முழுதும் மண்ணில் புதைத்து, காலையும் மாலையும் உச்சியில் நீர் வார்த்தார். தை பிறக்குமுன் ஒரு செடியின் நடுவில் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்தது. தொட்டபோது கிழங்கு அழுகிய பழம்போல் விரலுக்குள் குழைந்தது.

அவர் சிறைக்குச் சென்று, செடி அழுகியதைக் குன்றியிடம் சொன்னார். குற்றம் சாட்டப்பட்டவளிடம் நடுவர் அறிவுரை கேட்பது முறையா என்று காவலர் முணுமுணுத்தனர். குன்றி பேசியதை அவள் பேசியவாறே எழுதுமாறு மன்னர் ஆணை. அதனால் மலைநாட்டுப் பேச்சை நான் திருத்தவில்லை.

“தண்ணிய எங்க ஊத்துனீங்க?” என்றாள்.

“செடியின் மேல்.”

“தலையிலயா? ஐயோ சாமி! அது குளிக்கிற செடி இல்லீங்க, குடிக்கிற செடி. அடியில ஒரு தட்டு வச்சு அதுல ஊத்துங்க. வேணுங்கறத அதுவே இழுத்துக்கும். மிச்சத்தக் கொட்டிடணும், ஈரத்துலயே நிக்க வுடக்கூடாது. கெழங்கப் பாதி வெளிய தெரியிற மாதிரி வச்சீங்களா?”

“முழுவதும் புதைத்தேன்.”

குன்றி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதைக் கொற்றனார் கண்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலும் சொன்னாள். “வாடுன பூவ வுட்டு வைக்காதீங்க. தண்டப் புடிச்சுத் திருகிச் சட்டுன்னு இழுத்தா அடியோட வந்துடும். கத்தி வைக்கக் கூடாது. எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் அப்படித்தான் செய்யறோம்.”

“மற்றதெல்லாம் செய்வேன். சான்றுப் பொருளிலிருந்து ஒரு காம்பையும் நீக்க எனக்கு உரிமை இல்லை” என்றார் கொற்றனார்.

“பூவுலயும் சட்டமா?” என்று கேட்டு, அந்நிலையிலும் அவள் சிரித்தாளாம்.

அவள் சொன்னவாறு பேணியதும் எஞ்சிய செடிகள் தேறின. வெள்ளியால் கோலமிட்டாற்போன்ற இலைகள் தொட்டியை மூடின. அரும்புகள் தலைகுனிந்தபடியே உயர்ந்து, மலர்கையில் இதழ்களை மட்டும் மேலே வீசின. அறங்கூறவைக்குச் செல்லும் வழியில் மண்டபத்துக்குள் எட்டிப் பார்க்கும் வழக்கம் கொற்றனாருக்கு ஏற்பட்டது. பின்னர், பார்க்கச் சென்றவர் அவைக்குத் தாமதமாக வரும் நாளும் வந்தது. மகன் இறந்தபின் அவர் முகத்தில் எவரும் கண்டிராத ஒரு தெளிவை அக்காலத்தில் நானே கண்டேன்.

பங்குனியில்தான் அது நிகழ்ந்தது. பூக்கள் வாடின, சட்டத்துக்கு அஞ்சி அவர் ஒன்றையும் பறிக்கவில்லை. இதழ் உதிர்ந்த ஒரு காம்பு, மறுநாள் பார்க்கையில், நுனியிலிருந்து வளையத் தொடங்கியிருந்தது. அதற்கடுத்த நாளில் ஒரு சுற்று. பிறகு இன்னொரு சுற்று. யாரோ விரலில் சுற்றி எடுத்த கம்பிபோல அது தன்னைத் தானே சுருட்டிக்கொண்டு, நுனியிலிருந்த சிறு காயை இலைகளுக்கு அடியில் இழுத்து இழுத்து, கடைசியில் மண்மேல் கிடத்தியது. பிள்ளையைக் கட்டிலில் இடும் தாய்கூட அத்தனை மெதுவாக இடமாட்டாள் என்று கொற்றனார் பின்னர் மன்னரிடம் கூறினார். அன்று எவரிடமும் கூறவில்லை. சூனியமோ, தம் கண்ணின் குற்றமோ என்று அஞ்சி, மற்றக் காம்புகளையும் கவனித்தார். ஒன்று விடாமல் எல்லாம் சுருண்டன.

வேனில் ஏறியதும் இலைகள் மஞ்சளாயின. அவர் நீரைக் கூட்டினார், மேலும் மஞ்சளாயின. மீண்டும் சிறைக்குப் போனார்.

“தூங்கப் போகுதுங்க. தண்ணிய நிறுத்துங்க” என்றாள் குன்றி.

“நிறுத்தினால்?”

“எல எல்லாம் காஞ்சு போயிடும். வெறும் கெழங்கு கல்லாட்டம் கெடக்கும். நெழல்ல வுட்டுடுங்க. குளிர் வந்தப்புறம் கொஞ்சமாத் தண்ணி காட்டுங்க, எந்திரிக்கும்.”

“எழாவிட்டால்?”

“எந்திரிக்குங்க.”

அவையில் பெருங்கூச்சல் எழுந்தது. சான்றைக் கொன்றுவிட்டால் தான் தப்பலாம் என்று அவள் சூழ்ச்சி செய்கிறாள், நடுவரும் மயங்கிவிட்டார் என்று அமைச்சர் சிலர் வெளிப்படையாகவே பேசினர். உம் பாசறையிலிருந்து போர் வேண்டி முதல் ஓலை வந்ததும் அந்நாளில்தான். மன்னரே கொற்றனாரை அழைத்து, அவளை எதைக் கொண்டு நம்புகிறீர் என்று கேட்டார்.

“அரசே, முதற்செடி அழுகியபோது அவள் அழுதாள். ஒவ்வொரு செடியின் சாவும் அவளை விடுதலைக்கு ஒரு படி அருகில் கொண்டுபோகும். தன்னைக் காப்பாற்றக்கூடிய சாவுக்கு அழுதவள் பொய் சொல்வாள் என்று எனக்குத் தோன்றவில்லை” என்றார் அவர்.

நீர் நிறுத்தப்பட்டது. அது எத்துணைப் பெரிய துணிவு என்பதை நீர் எண்ணிப் பார்க்க வேண்டும். செடிகள் எழாது போயின், வழக்கோடு அவருடைய பெயரும் மண்ணாகியிருக்கும். மகனைக் கொன்ற நாட்டவளுக்கு விலைபோனவன் என்ற சொல்லோடுதான் அவர் எஞ்சிய நாளைக் கழித்திருப்பார்.

இலைகள் காய்ந்துகொண்டிருக்கையில், மண்மேல் கிடந்த காய்கள் வெடித்தன. உள்ளே பழுப்பு நிற விதைகள். ஒவ்வொன்றின் மேலும் தேன் தடவினாற்போல் ஒரு பசை. ஒருநாள் முற்பகலில் மன்னர் அவையில் வீற்றிருக்க, மண்டபத்துக் காவலன் ஓடிவந்து, நடுவர் பெருமானுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று முறையிட்டான். நாங்கள் விரைந்தோம். அறங்கூறவையத்து முதல்வர், தலைப்பாகை எங்கோ விழுந்து கிடக்க, கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, மண்டபத்துக் கல்தளத்தின் மேல் தவழ்ந்துகொண்டிருந்தார்.

“யாரும் கால் எடுத்து வைக்காதீர்கள்!” என்று கத்தினார். மன்னர் வந்திருப்பதைக்கூட அவர் காணவில்லை.

எறும்புகள், பெருஞ்சாத்தனாரே. ஒவ்வோர் எறும்பும் தன்னினும் பெரிய ஒரு விதையைத் தூக்கிக்கொண்டு, தொட்டியின் விளிம்பேறி, புறத்தே இறங்கி, தளத்தைக் கடந்து சென்றது. விழுந்த விதையை விட்டுச் செல்லாமல், சுற்றிவந்து மீண்டும் பற்றித் தூக்கியது. மன்னர் நின்றார், பிறகு முழங்காலிட்டார். கிரீடம் தரித்த தலை தரையருகே தாழ்ந்து ஓர் எறும்பைப் பின்தொடர்ந்ததை நான் என் கண்ணால் கண்டேன். நாங்களும் தாழ்ந்தோம். அமைச்சரும், காவலரும், என் போன்ற எழுத்தரும் வரிசையாகத் தவழ்ந்து, வாயிலைக் கடந்து வெளியே வடபுறச் சுவரடியில் இருந்த புற்றுவரை போனோம். அங்கே அவை பசையை மட்டும் தின்றுவிட்டு, விதையைக் கெடுக்காமல் வெளியே குப்பையில் கொண்டுவந்து போட்டன. கோயிலில் திரை விலகும்போதும் அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை.

குன்றியை விலங்கு நீக்கி அழைத்துவரப் பணித்தார் மன்னர். சுருண்டு கிடந்த காம்புகளைக் கண்டதும் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தாயும் தாய்க்குத் தாயுமாகச் செடி பேணிய குடியில் பிறந்தவள் அவள். ஆனால் அவர்கள் கை எட்டிய பூவையெல்லாம் வாடியவுடனே பறித்துவிட்டதால், கை எட்டாத பாறையிடுக்குகளில் என்ன நடக்கிறது என்பதை அவர்களில் எவரும் கண்டதில்லை.

“மலை நடக்கும்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. சும்மா சொல்றாங்கன்னு இருந்தேன்” என்றாள். ஒரு சுருளை விரலால் தொட்டுப் பார்த்து, “இதையா சாமி நான் இத்தன வருசமாப் பிடுங்கிப் போட்டேன்?” என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை; கொற்றனாரும் அவளருகே தரையில்தான் அமர்ந்திருந்தார்.

அன்றே தீர்ப்பு வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். “எறும்பு சுமந்ததைக் கண்டேன், முளைத்ததைக் காணவில்லை” என்று சொல்லி ஒத்திவைத்தார் கொற்றனார். ஐப்பசி மழைக்குப் பின் குளிர் தொடங்கியதும், குன்றியும் அவரும் சேர்ந்து தொட்டித் தட்டுகளில் சிறிது நீர் காட்டினர். கல்லாய்க் கிடந்த கிழங்குகளின் உச்சியில் இலை முளைத்தது. ஒன்றும் தவறவில்லை. புற்றுவாய்க் குப்பையில், சுவரின் நிழலில், விரல்நகம் அளவில் ஓர் இலை தனியே எழுந்து நின்றது. குன்றி அதனருகே விளக்கைப் பிடித்தாள். அந்தச் சிற்றிலையிலும் வெள்ளிக்கோலம் பிழையின்றி இருந்தது.

கொற்றனார் தீர்ப்புரைத்தார். எல்லைச் செடியை நடந்து வரச் செய்தது மனிதர் எவரும் அல்லர், குன்றி குற்றமற்றவள். அவ்வளவில் அவை மகிழ்ந்தது. அவர் நிறுத்தவில்லை. பூக்கும் இடம்வரை முகில்வரை நாடு என்றே உடன்படிக்கை கூறுகிறது. யார் நட்ட பூ என்று அது கேட்கவில்லை. ஆகவே, பூ வந்தடைந்த சரிவு முறைப்படி அவர்களுடையது என்றார். இளங்கொற்றன் குருதி சிந்திய இடமும் அதற்குள் அடங்கும் என்று ஒருவர் எழுந்து சொன்னார். “அறிவேன்” என்றார் கொற்றனார்.

செடிகளைப் பிடுங்கிவிட்டு வாய்மூடி இருக்கலாம் என்று மன்னருக்குச் சொன்னவர் உண்டு. மன்னர் மறுத்து, கண்டது அனைத்தையும் மறைக்காது எழுதி, தீர்ப்போடு மலையமாதேவியார்க்குத் தூது விடுத்தார். அரசியார் தம் மறுமொழியில், எறும்பு வென்ற மண்ணுக்குத் தாம் உரிமை கொண்டாடினால் தம் குடிகள் நகைப்பர் என்றும், தம் பாட்டனாரும் நம் பாட்டனாரும் கோடு கிழித்ததாக எண்ணியிருக்க, அக்கோட்டுக்குக் கால் முளைத்திருப்பதை அறிந்து நெஞ்சம் நடுங்கியதாகவும், பூ நிற்கும் மண் இனி இரு நாட்டுக்கும் உரியதன்று, படை புகாத நிலமாகுக என்றும், இசைவு உண்டாயின் தம் படையை முதலில் தாமே விலக்குவதாகவும் தெரிவித்தார். மன்னர் அவ்விடத்திலேயே இசைந்தார்.

ஆதலின், உமக்கு ஆணை இதுவாகும். இவ்வோலை கண்டவுடன் பாசறையைக் கலைத்து, கீழ்க்கோடியில் பூத்த கடைசிச் செடிக்கும் கீழே இறங்குக. குளிர்தோறும் பூ எதுவரை வந்ததென்று பார்த்து, அது ஓரடி வந்தால் நீரும் ஓரடி பின்வாங்குக. மலைப்பக்கம் பூ ஏறினால் அவர்கள் பின்வாங்குவர். பன்றிகள் அக்கிழங்கைத் தோண்டித் தின்னும். அவற்றை அங்கு மேயவிடாதிருக்க. வீரர் எவரும் பசிக்கு அதை உண்ணலாகாது. வயிற்றைப் புரட்டி உயிர்வரை வருத்தும். குன்றி இவ்வோலையோடு வருகிறாள். அவள் இனி இரு நாட்டுக்கும் பூங்காவலர். நீர் அவளைக் கட்டி அனுப்பிய வழியிலேயே பல்லக்கில் சரிவுக்கு அழைத்துச் செல்க. கொற்றனாரும் உடன் வருகிறார். மகன் வீழ்ந்த இடத்தைக் காட்டுமாறு கேட்பார்; காட்டுக. அவராகப் பேசினாலன்றி நீர் எதுவும் பேச வேண்டாம்.

நீரும் நிலமும் உள்ளளவும் இவ்வாணை நிற்க. மீன் பொறித்த திருமுத்திரை அவையறிய இடப்பட்டது. எழுத்து, பொறையன் கண்டனுடையது.

இதன்கீழ் மன்னர் எழுத்தாணியை என் கையிலிருந்து வாங்கித் தாமே எழுதிய வரி:

பெருஞ்சாத்தா, வேனில் வந்து எறும்புகள் சுமையெடுக்கும் நாட்களில், குதிரைமேல் இருப்பவனும் இறங்கி ஓரமாக நின்று வழிவிட வேண்டும். நாங்கள் இங்கே அப்படித்தான் நின்றோம்.